பாதிரி மடுவில் எவ்வளவு நேரம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. நேற்று மதியம், என் வீட்டு வாசலில்.

கேட்டவள் வெர்னா ஹாக்கன். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவள். டோலன் ஆற்றங்கரையிலுள்ள இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்தபோது என் தலையில் ஒரு நரை கிடையாது. இன்று ஒரு கறுப்பு கிடையாது. அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. நேற்று கடிதங்களைக் கொடுத்த பிறகும் நகராமல் நின்றாள்.

“கதை எழுதறீங்கள்ல? ஒண்ணு சொல்லுங்க. ஒரு மடுவுல இறங்கி நிக்கறோம். கடிக்கவே இல்ல. ஆனா இங்கதான் இருக்குன்னு மனசு அடிச்சுச் சொல்லுது. எவ்வளவு நேரம் நிக்கலாம்? எப்பப் போதும்னு அடுத்த எடத்துக்குப் போறது?”

குளிர்காலம் முழுக்க இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் இது. கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பி ஆறேறி வரும் ஸ்டீல்ஹெட் மீன் லேசில் கடிக்காது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, இவ்வளவுதான் வித்தை. மற்றதெல்லாம் குளிர்.

ஆனால் வெர்னா மீனைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுடைய தம்பி டெல்மர் தூண்டிலோடு ஆற்றில் இறங்கி இது மூன்றாவது வாரம். வண்டி கரையில் நின்றது. தொப்பி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

இன்று இரவு பெருமழை என்கிறார்கள். மழை விழுந்தால் ஆறு பழுப்பாகப் பொங்கி, அடியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிடும். ஆக, வெர்னாவுக்கு இன்று ஒரு பகல்தான் மிச்சம். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் ஆற்றில் நிற்கிறாள். என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். நான் நடக்கவில்லை. எழுதுகிறேன்.

(இனி வருவதெல்லாம் என் மேஜையில் நடப்பது. ஆற்றில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.)

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

“பாதிரி மடுவின் பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல”

வேண்டாம். வாரத் தொடருக்கு இந்தக் கை போதும். தொடரும் என்று போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் இந்தக் கைக்கு ஒரு அக்கா இருக்கிறாள். நாளைக்கும் எனக்குத் தபால் கொண்டுவரப்போகிறவள்.

இரண்டாவது:

“டெல்மர் காணாமல் போன அன்று ஃபர் மரங்களின் மேல் பனிமூட்டம்”

பனிமூட்டத்தைத் தொட்டால் மூன்று பத்தி போய்விடும். யாருக்கும் நேரமில்லை.

மூன்றாவது நின்றது. அதையே வைத்துக்கொள்கிறேன்:

வெர்னா தூண்டிலோடு பாதிரி மடுவில் இறங்கினாள். மீன் பிடிக்க அல்ல.

3

தேடுதல் முடிந்துவிட்டதென்று அறிவித்தாயிற்று. தேடுகிறேன் என்று யாரும் ஆற்றில் இறங்கக்கூடாது என்று பலகையும் வைத்தாயிற்று. ஆனால் கையில் தூண்டிலும் பையில் அனுமதிச் சீட்டும் இருந்தால் யார் கேட்பது? தவிர, ஆழத்துக்குப் போகும் கனமான நூல் அடித்தரையைத் தடவிக்கொண்டே வரும். பாறை என்றால் கை சொல்லும். மரம் என்றால் கை சொல்லும். மற்றது என்றாலும் சொல்லும் என்று அவள் நம்பினாள்.

எங்கள் ஆற்றில் ஒரு முறை உண்டு. மடுவின் தலைமாட்டில் இறங்கவேண்டும். குறுக்கே வீசி, நூல் ஓட்டத்தோடு வளைந்து கரையோரம் வந்து சேர்ந்ததும், இரண்டு எட்டு கீழே வைத்து மறுபடி வீசவேண்டும். அப்படியே நடந்துபோய் மடு முடிகிற இடத்தில் கரையேற வேண்டும். பின்னால் வருகிறவன் ஓட்டத்தில் உங்களுக்கு மேலே இறங்குவான். கீழே இறங்கினால் ஆயுசுக்கும் பகை. நடக்காமல் ஒரே இடத்தில் நிற்கிறவனை மன்னிக்கிறவர்களும் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

வெர்னா நின்றாள். ஒரே இடத்தில். மடுவின் நடுவில் காட்டெருமை அளவில் ஒரு பாறை. அதற்கு முன்னால் ஆறு சற்று மெத்தென்று, மனிதன் நடக்கிற வேகத்தில் போகும். களைத்து வரும் மீன் வேறெங்கும் தங்காது, அங்கேதான் மூச்சு வாங்கும் என்பான் டெல்மர். அவன் கடைசியாக நின்றதும் அதற்கு நேராகத்தான்.

கரையில் வண்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு டார்லா உட்கார்ந்திருந்தாள். டெல்மரின் மனைவி.

“வெர்னா! காப்பியாவது குடிச்சிட்டு நில்லு. உதடு நீலமாயிருச்சு.”

“இன்னும் ஒரு வீச்சு.”

“இதையேதான் உன் தம்பியும் சொல்லுவான். ஒரு வீச்சுன்னு காலையில போனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தா அதிசயம்.”

“சாப்பாட்டுக்கு இப்ப உனக்கென்ன குறை? ஃப்ரிட்ஜ்தான் மூட மாட்டேங்குதே.”

“எதைத் தொறந்தாலும் சூரைமீனும் நூடுல்ஸும் போட்டுச் சுட்டது. செத்தவன் வீட்டுக்கு வேற எதையும் சமைச்சு அனுப்ப இந்த ஊர்ல ஒருத்திக்கும் தெரியாதா?”

செத்தவன். அந்தச் சொல்லை இருவரில் யாரும் அதுவரை சொன்னதில்லை. வெர்னாவின் நூல் வளைந்து கரைக்கு வந்தது. அவள் இழுத்து மறுபடி அதே இடத்தில் வீசினாள்.

“சொல்லிட்டேன். என்ன பண்ணச் சொல்ற?” டார்லாவின் குரல் இறங்கியது. “சனிக்கிழமை சர்ச்சுல ஆராதனை வெச்சுரலாமான்னு பாஸ்டர் கேக்கறாரு.”

“பெட்டிக்குள்ள எதை வெப்ப? தொப்பியையா?”

“கெடைச்சது அதுதானே.”

“நான் கொண்டுவரேன். சனிக்கிழமைக்குள்ள.”

(இங்கே வெர்னா அழவேண்டும் என்று என் கை எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். அழுதால் நூலில் வரும் சேதி தெரியாது. அவளுக்கு அது தெரியும்.)

4

இப்போது மூன்றாவது ஆள் வரவேண்டும். வார்ட் கிம்பிள் என்று பெயர் வைத்தேன். நகரத்துப் பல் மருத்துவர். வண்டியின் பின்கண்ணாடியில் சிரிக்கிற ஒரு பல்லின் படம். முதலில் அவரைக் கெட்டவராகத்தான் எழுதினேன்: அவர் சிரித்தபோது அவருடைய பற்கள் ஒவ்வொன்றும்

இல்லை. இது என் கை பழகிய ஆள். அவருடைய பற்களை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு விடுமுறை நாளில் விடியுமுன் கிளம்பி வந்திருக்கிறார். மடுவில் ஒருத்தி மரம் மாதிரி நிற்கிறாள். கோபம் வராதா?

“மேடம்! வேர் விட்டுட்டீங்களா?”

வெர்னா ஒரு தரம் திரும்பி வண்டியிலிருந்த பல் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வீசினாள்.

“ரெண்டு எட்டு கீழ வெச்சா ஆறு ஒண்ணும் கோவிச்சுக்காது! பின்னால மத்தவங்களும் இருக்கோம்.”

“பல்லைப் பிடுங்கறப்பவும் இப்படித்தான் அவசரப்படுவீங்களா, டாக்டர்?”

“பல்லு ஒரே எடத்துல இருக்கும் மேடம். மீனு இருக்காது.”

டார்லா வண்டியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். “சார், அவ தம்பி இங்கதான் போனான். என் புருஷன். இன்னும் கெடைக்கல.”

(தொப்பியைக் கழற்றினார் என்று எழுதி அடித்தேன். எங்கள் ஊர்த் தூறலில் யாரும் எதற்கும் தொப்பியைக் கழற்றுவதில்லை.) வார்ட் கரைக்கல்லில் உட்கார்ந்தார். வெர்னாவுக்கு மேலே இறங்க அவருக்கு முழு உரிமை இருந்தது. இறங்கவில்லை. தூண்டிலை மடியில் கிடத்திக்கொண்டார்.

அப்போது வெர்னாவின் நூல் நின்றது.

(இங்கேதான் ஒரு மணி நேரமாக நானும் நிற்கிறேன். எது பிடித்திருக்கிறது? என் தொழிலுக்கு ஒரே விடைதான் தெரியும். பக்கம் திருப்ப வைக்கிற விடை. அதை எழுதக் கை துடிக்கிறது. வெர்னாவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். அது சொல்கிறபடி.)

கனம். அசையாத கனம். பாறை இல்லை, பாறை இப்படி விட்டுக்கொடுக்காது. மரம் இல்லை. வெர்னா மெதுவாகத் தூக்கினாள். கனம் கூடவே எழுந்தது. “டெல்” என்றாள், வாய்க்குள்.

கனம் தலையை உதறியது.

“மீனு!” என்று எழுந்தே விட்டார் வார்ட்.

தூண்டில் சக்கரம் அலறியது. நூல் மடுவைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடியது. வெள்ளியில் வார்த்தது மாதிரி ஒரு பெரிய பெண் மீன் தண்ணீருக்கு மேல் முழு உடம்பாக எழுந்து, பக்கவாட்டில் விழுந்தது. இப்படி ஒரு மீனுக்காக இந்த ஊரில் ஆண்கள் வேலையை விட்டிருக்கிறார்கள். ஒருவன் கல்யாணத்தையே விட்டான். வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினாள்.

“போய்த் தொலையேன்டி சனியனே! உன்னை யாரு கேட்டா? உன்னையா கேட்டேன்?”

வார்ட் முழங்கால் ஆழத்தில் இறங்கி வாலடியைப் பிடித்துக்கொடுத்தார். முதுகின் கடைசியில் இருக்கும் சின்னத் துடுப்பு முழுசாக இருந்தது. பண்ணைக் குஞ்சு என்றால் அதை நறுக்கி விட்டிருப்பார்கள். இது ஆறே பெற்றது, விட்டுவிட வேண்டும். வெர்னா முள்ளை எடுத்து, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டாள். அது மூச்சு வாங்கி, உடம்பை முறுக்கி, கையை விட்டுப் போயிற்று.

“பாறைக்கு முன்னாலதானே கடிச்சுது?” வார்ட் கேட்டார்.

“ஆமா.”

“அருமையா ஆத்தைப் படிக்கிறீங்க.” கொஞ்சம் தயங்கினார். “அதாங்க தப்பு.”

5

“என்ன தப்பு?”

“கோவிச்சுக்காதீங்க. மீனு எங்க தங்கும்னு பாத்துப் பாத்துத் தேடறீங்க. மீனுக்கு உயிர் இருக்கு, அது எடம் பாத்துத் தங்குது. உங்க தம்பியால இப்ப எடம் பாக்க முடியாது மேடம். ஆறு எங்க கொண்டுபோய்ப் போட்டுச்சோ அங்கதான்.”

கீழே திருப்பத்தைக் காட்டினார். அங்கே ஆறு உள்வளைந்து, பின்னோக்கிச் சுழன்று, வருஷாவருஷம் அடித்துவந்த மரங்களை வீடு உயரத்துக்குக் குவித்துவைத்திருந்தது. நுரை, நெகிழிப் புட்டி, செத்த சால்மன் எல்லாம் அங்கேதான் சேரும். எங்கள் ஊர்த் தூண்டில்காரர்கள் யாரும் அங்கே வீசியதில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் குப்பைக் கிடங்கு. தேட வந்தவர்கள் அப்போது தண்ணீர் அதிகம் என்பதால் அந்த மரக்குவியலுக்கு அடியில் போகவில்லை. இப்போது ஆறு வடிந்து சரளைத் திட்டு தெரிந்தது. நடந்தே போகலாம். நாளைக்குப் போக முடியாது.

“என் தம்பி குப்பைக் கிடங்குல கெடக்க மாட்டான்” என்றாள் வெர்னா.

“மேடம்...”

“அந்தப் பக்கம் அவன் ஒருநாள் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. அசிங்கமான தண்ணின்னு சொல்லுவான்.”

“அவன் அங்க மீன் பிடிக்கப் போகல, வெர்னா” என்றாள் டார்லா.

வெர்னா மறுபடி பாறைக்கு முன்னால் வீசினாள்.

(அவள் முட்டாள் இல்லை. முட்டாளாக எழுதுவது எனக்குச் சுலபம். பிறகு வார்ட் வந்து புத்தி சொல்வார், அவள் ஓடுவாள், வேலை முடிந்தது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். இந்த மடு டெல்மர் தேர்ந்தெடுத்த இடம். இங்கே தேடுகிறவரைக்கும் அவன் இன்னும் தேர்ந்தெடுக்கிறவனாகவே இருக்கிறான். அங்கே போய்த் தேடினால் அவனும் நுரையோடு சேர்ந்த ஒன்று. அந்தச் சரளைத் திட்டில் முதல் எட்டு வைப்பதுதான் அவனைப் புதைப்பது. சர்ச்சில் சனிக்கிழமை நடக்கப்போவது வெறும் பாட்டு.)

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வெர்னா மரக்குவியலுக்குப் போகிறாள். கிளைகளுக்கிடையில் ஒரு ரப்பர் காலணியின் அடிப்பக்கம்

கிழித்துவிட்டேன். அந்தப் பக்கம் நன்றாக வந்திருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

இன்னொன்றில் அங்கே ஒன்றுமே இல்லை. மழை வருகிறது. எனக்கு மட்டும் நிம்மதி தருகிற முடிவு இது. டார்லாவை நினைத்தால் கொடுமை. ஒன்றுமில்லை என்பதை அவள் எத்தனை வருஷம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருப்பாள்?

மூன்றாவதில் வெர்னா இருட்டும்வரை மடுவிலேயே நிற்கிறாள். இதைத்தான் அதிக நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நான் எழுதாத ஒன்று நடந்தது.

டார்லா கிளம்பிவிட்டாள்.

ஆறு என்றாலே பிடிக்காதவள். கல்யாணமான நாளிலிருந்து கரையைத் தாண்டிக் கால் நனைத்ததில்லை. வண்டியின் பின்னால் கிடந்த டெல்மரின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு, கால் உள்ளே தளக்தளக்கென்று ஆட, சரளைத் திட்டில் நடந்தாள். வார்ட் கூட வர எழுந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். மரக்குவியலுக்குப் பத்தடி முன்னால் நின்றாள். வெகு நேரம் நின்றாள். பிறகு திரும்பிக் கத்தினாள்.

“வெர்னா! அடியில ஏதோ துணி மாதிரி தெரியுது. மரப்பட்டையாக்கூட இருக்கலாம். வந்து பாரேன். எனக்குத் தனியாப் பாக்கப் பயமா இருக்கு.”

வெர்னாவின் நூல் அப்போது ஆற்றின் நடுவில் இருந்தது. அது வளைந்து கரைக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவள் நூலைச் சுற்றினாளா, மறுபடி வீசினாளா என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் துளி விழத் தொடங்கிவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது மழை. நிஜ வெர்னா அங்கே எந்த இடத்தில் நிற்கிறாளோ, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ இல்லையோ, தெரியாது. காலையிலிருந்து இந்த மேஜையை விட்டு எழாமல் வீசிக்கொண்டே இருந்தேன். காரணம் டார்லா சொன்னதுதான்: தனியாகப் பார்க்கப் பயம்.

பூட்ஸை மாட்டிக்கொண்டேன். கதவைத் திறக்கிறேன். நீங்களும் கூட வாருங்கள்.