பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

அக்காவுக்குச் சட்டைக் கம்பெனியில் தையல் மெஷின். தம்பிக்கு அதே கம்பெனியில் செக்கிங் மேஜை. பொத்தான், காஜா, தையல் எல்லாம் பார்த்துச் சரியாக இருந்தால் சட்டைக் காலருக்குள் தன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அவன் நம்பர் பதினேழு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான்; ஒரு நூல் பிசிறு தப்பாது. ஒட்டுவதில்தான் வந்தது வினை.

"சாயங்காலத்துக்குள்ள இருநூறு சட்டை. இல்லன்னா நாளைக்கு வர வேணாம்" என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார். இது மூன்றாவது கம்பெனி. போன தடவை வேலை போனபோது எட்டு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை அவன்.

மதியம் அக்கா ஓடிவந்து பார்த்தால் சட்டை மலையாகக் கிடக்கிறது. ஒட்டியது நாற்பது.

"எல்லாம் பார்த்துட்டேன்க்கா."

"அப்புறம் ஒட்டறதுக்கு என்ன கேடு?"

"பார்த்தது நான்தான்னு தோணல. வேற யாரோ பார்த்த மாதிரி இருக்கு. அதுல என் நம்பரை எப்படி ஒட்டறது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனச்சிதைவு நோய் என்று அவனுக்கு இருபது வருஷமாக மாத்திரை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை.

"காதுல குரல் கேக்கறது நின்னு பன்னெண்டு வருஷம் ஆச்சேடா! இன்னும் என்னடா உனக்கு?"

"குரல் போயிடுச்சுக்கா. நான் இன்னும் வரல."

அழுதால் நேரம் போய்விடும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சட்டை மலைக்குப் பின்னால் குந்திக்கொண்டு ஸ்டிக்கர் சுருளைப் பிடுங்கினாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ள, மீதி நூற்று அறுபதையும் அவளே ஒட்டினாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் எண்ணினார். இருநூறு. "மனசு வச்சா முடியுதுல்ல?" என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தம்பி ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தான். பசை படிந்த அவள் விரல்களைப் பார்த்தான், பிறகு தன் விரல்களை. இத்தனை வருஷத்தில் அவள் காணாத ஓர் ஆசை அவன் முகத்தில் வந்து நின்றது.

"அக்கா, இதெல்லாம் ஒட்டினது நான்தானே?"

கண்ணெதிரே நடந்ததைக் கேட்கிறான். நான் செய்யாததை நான் செய்ததாகச் சொல்லமாட்டேன் என்று மதியம் பிடிவாதமாக நின்றானே, அது ஒன்றுதான் அவனுடையதாக மிச்சம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். நாளைக்கும் அவனைக் கட்டிலிலிருந்து எழுப்பியாக வேண்டும், அதுவும் தெரியும்.

"ஆமாண்டா, நீதான்" என்றாள் பாவி.

அவன் நம்பிவிட்டான்.