ஆயிரத்து இருபத்தேழு கேட்டால் மூன்று

மேனுஷாவைச் சிக்கனக்காரி என்றால் அவளுக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிவஞானத்தின் மகள் அவள். பார்சலில் வரும் சணல் கயிற்றைக்கூட வெட்டாமல் முடிச்சவிழ்த்துச் சுருட்டி வைக்கிற மனுஷன் அவர். மகள் அதே புத்தியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனாள்.

கடையின் மேல்மாடியில் அவளும், கூடப் படித்த இந்திரஜித்தும் மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி செய்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே உள்ள சரிவில் இருபத்து நாலு சென்சர்கள் ஊன்றப்படும். அவை சொல்வதைக் கேட்டுக்கொண்டு லயத்துச் சுவரில் ஒரு பெட்டி தொங்கும். பெட்டி வேலை செய்தால் பச்சை விளக்கு, கோளாறு என்றால் சிவப்பு, மண் அசைந்தால் சைரன். ஊவா மலைநாட்டில் ஐந்து தேயிலைத் தோட்டங்களில் மாட்டியாயிற்று. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மேனுஷாவே போய், "இத நம்பி நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தின் அடியில் கேர்னல் இருக்கிறது. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் என்று அளந்து கொடுப்பது அதன் வேலை. மேனுஷாவின் நிரல் கேர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து, சென்சர் எத்தனை என்பதை அறுபத்து நாலு பைட்டால் பெருக்கி, அவ்வளவு இடம் கேட்கும். இருபத்து நாலைப் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. அந்த விடையை வைக்க இரண்டு பைட் போதாதா, நாலு எதற்கு என்று அவள் இரண்டு பைட்டை மிச்சம் பிடித்தாள். மகா சாமர்த்தியம்!

ஆறு மாதத்துக்கு முன்பே இந்திரஜித் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். வெறும் பெருக்கலை எடுத்துவிட்டு, கேர்னலிலேயே இருக்கிற பாதுகாப்பான பெருக்கலைப் போட்டிருந்தான். விடை கொள்ளாமல் போனால் அது தப்பான விடை தராது, இடமே தர முடியாது என்று நின்றுவிடும். மேனுஷா ஒரே வரியில் பதில் போட்டாள்: 'இருபத்து நாலைத் தாண்டவே தாண்டாது. வீண் அலங்காரம்.' அவனும் விட்டுவிட்டான்.

நவம்பர் மாதம், மூன்றாவது நாளாக விடாமல் மழை. பஜாரில் பாதிக் கடை திறக்கவில்லை. பெட்டிகளிலிருந்து காலை ஏழு மணிக்குப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை. மழைக்கு டேட்டா போவது வழக்கம்தானே என்று இருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் இந்திரஜித்தின் மனதையும் ஆற்றுவோம் என்று மேனுஷா அந்தப் பழைய திருத்தத்தைச் சேர்த்தாள். ஹல்துமுல்லைப் பக்கத்து ஊசிமலைத் தோட்டத்துப் பெட்டி காலையில் கடைசியாக அனுப்பிய அமைப்புகளை எடுத்து, மேசையில் இருந்த சோதனைப் பெட்டியில் போட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. 'இடம் தர முடியாது' என்றது திரை.

மேனுஷா கைதட்டிச் சிரித்தாள். "பாத்தியா உன் பாதுகாப்ப! மூணு மாசமா ஒழுங்கா ஓடுற பெட்டிய நிப்பாட்டிருச்சு!"

"ஏன் நின்னுச்சுன்னு பாரு" என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

பார்த்தாள். சென்சர்களின் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து இருபத்தேழு என்று இருந்தது. யாரோ கண்டபடி தட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். உடனே அடுத்த நினைப்பு வந்தது. அப்படியானால் பழைய நிரல் இதை எப்படி ஏற்றுக்கொண்டது?

கணக்குப் போட்டாள். ஆயிரத்து இருபத்தேழை அறுபத்து நாலால் பெருக்கினால் அறுபத்தையாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. இரண்டு பைட்டுக்குள் அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து வரைதான் கொள்ளும். அதற்கு மேலே போனால் பழைய பஸ்ஸின் கிலோமீட்டர் எண்கள் மாதிரி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். மிஞ்சியது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மூன்றே மூன்று சென்சருக்கான இடம். கேர்னல் எதற்குச் சந்தேகப்படப் போகிறது? கேட்டது சின்னத் தொகை, தாராளமாகக் கொடுத்துவிட்டது. பச்சை விளக்கும் எரிந்துவிட்டது.

மேனுஷா ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாள். வெயில் காலத்தில் உச்சியில் இருக்கும் மூன்று சென்சர்கள் மட்டும்தான் பேசும். மண் ஊறினால்தான் மற்றவை விழிக்கும். நாலாவது சென்சர் பேசத் தொடங்கியதும் அது சொல்வதை நிரல் அடுத்தவன் இடத்தில் எழுதும். அந்த அடுத்த இடத்தில் இருப்பது, எப்போது கத்த வேண்டும் என்ற சைரனின் கணக்கு. அது அழிந்தால் சைரன் ஊமை. வெயிலில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மழையில் மட்டும் சாகிற பெட்டியை அவள் செய்து வைத்திருக்கிறாள்.

"மூணு நாளா மழை" என்றாள். இந்திரஜித் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். போனை எடுத்து அவள் கையில் வைத்தான்.

ஊசிமலைப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது ராக்கம்மா. ஐந்தாம் நம்பர் லயத்தில் வரிசையில் முதல் வீடான காம்பரா அவளுடையது. மூன்றாவது தடவைதான் போன் கிடைத்தது.

"ராக்கம்மாக்கா, எல்லாரும் எங்க இருக்கீங்க?"

"லயத்துலதான் மிஸ். கிராம சேவகர் வந்து ஸ்கூலுக்குப் போகச் சொன்னாரு. நாங்கதான் போகல. பச்ச லைட்டு எரியுதுங்களே."

பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் இவர்கள் காலையிலேயே போயிருப்பார்கள்.

"அக்கா, அந்த லைட்ட நம்பாதீங்க. பெட்டி பழுது. சைரன் அடிக்காது. இப்பவே எல்லாரையும் கூட்டிட்டு ஸ்கூலுக்குப் போங்க."

"பழுதுன்னா செவப்பு எரியும்னு நீங்கதானே மிஸ்..."

"நான் சொன்னது தப்பு. என் பிழைதான் அக்கா. சாமான் எடுக்காதீங்க, புள்ளைங்கள மட்டும் தூக்கிட்டு ஓடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கீழே கடையிலிருந்து அப்பா படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

பெட்டிகளை மாட்டிய ஜீவனை இந்திரஜித் விடாமல் அழைத்தான். அவன் மழைக்குள் மோட்டார்சைக்கிளில் எங்கேயோ இருந்தான், எடுக்கவில்லை. ஒரு பெட்டியில் ஏதோ கைத்தவறு என்றுதான் இருவரும் நம்பினார்கள், நம்பவே விரும்பினார்கள். காலையில் அமைப்பை அனுப்பியது ஊசிமலைப் பெட்டி மட்டும்தான், மற்ற நாலு பெட்டிகளின் அமைப்பும் கையில் இல்லை. கேட்டு வாங்க டேட்டாவும் இல்லை. மேனுஷா போனைப் பிடித்தபடி ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள்.

இரண்டரை மணிக்கு ராக்கம்மாவே அழைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"மிஸ், லயம் போச்சு மிஸ்! அப்பிடியே வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நாங்க ஸ்கூல் வாசலுக்கு வந்து பத்து நிமிசம்கூட ஆகல. எண்ணிப் பாத்துட்டோம், அம்பத்தொம்பது பேரும் இருக்கோம். உங்க பெட்டிதான் மிஸ் எங்கள காப்பாத்துச்சு! எல்லாருக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம்."

"இல்லக்கா, பெட்டி இல்ல..." என்று தொடங்கினாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐம்பத்தொன்பது பேரும் இருக்கிறார்கள் என்ற நிம்மதியும், அவர்களை அங்கே உட்கார வைத்ததே தான்தான் என்ற வெட்கமும் சேர்ந்து வந்த அழுகை அது.

மூன்று மணிக்குத்தான் ஜீவன் போனை எடுத்தான். இந்திரஜித் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஊசிமலையில ஏன்டா ஆயிரத்து இருபத்தேழு போட்ட?"

"எது? பெட்டி நம்பரா? எல்லாப் பெட்டியிலயும் அப்பிடித்தானே போட்டேன். ஸ்க்ரீன்ல 'எண்'னு கேட்டுச்சு. பெட்டி மேல ஸ்டிக்கர்ல எண் இருக்கு. அதப் பாத்துப் போட்டேன். பச்ச எரிஞ்சுச்சு. ஏன், சரியில்லையா?"

மேனுஷா சோதனைப் பெட்டியின் குட்டித் திரையைப் பார்த்தாள். 'எண்ணிக்கை' என்று முழுதாக எழுத அதில் இடம் போதவில்லை. அவள்தான் 'எண்.' என்று சுருக்கினாள், பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து. அந்தப் புள்ளியை யார் பார்ப்பார்கள்? பைட்டில் மிச்சம் பிடித்தவள் எழுத்திலும் மிச்சம் பிடித்திருந்தாள். ஜீவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. எண் கேட்டது, எண் கொடுத்தான். இந்திரஜித்தின் திருத்தம் உள்ளே இருந்திருந்தால் முதல் நாளே சிவப்பு எரிந்திருக்கும், ஜீவன் அங்கிருந்தே அழைத்திருப்பான்.

பெட்டிகளின் எண்கள் ஆயிரத்து இருபத்தைந்திலிருந்து இருபத்தொன்பது வரை. ஐந்தும் மழையில் ஊமை.

"நீ பூனைமலைக்குப் போன் எடு. மத்த மூணும் நான் பாக்கிறேன்" என்றான் இந்திரஜித். பசறைப் பக்கம் பூனைமலைத் தோட்டத்தில் இருப்பது ஆயிரத்து இருபத்தைந்து. இடம் ஒரே ஒரு சென்சருக்கு.

பூனைமலைத் தோட்டத் தலைவர் இராமையா முதல் மணியிலேயே எடுத்தார். குரலில் கல்யாண வீட்டுக் களை.

"மிஸ்! நானே எடுக்கணும்னு இருந்தேன். ஊசிமலையில உங்க பெட்டி அம்பத்தொம்பது பேர காப்பாத்திருச்சாமே! வாட்ஸ்அப் பூரா அதுதான். நாங்களும் பயந்துபோயி காலையில எல்லாரையும் கோயிலுக்கு ஏத்தி வச்சிருந்தோம். எழுபத்து மூணு பேரு, புள்ளைங்கெல்லாம் குளிர்ல வெடவெடன்னு நடுங்குதுங்க. செய்தி வந்ததும் சொல்லிட்டேன், அதே பெட்டிதானே நம்மகிட்டயும் இருக்கு, ஆபத்துன்னா அது கத்தும்னு. இப்பத்தான் எல்லாரையும் திருப்பி லயத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்."

இந்திரஜித் தன் போனைக் காதில் வைத்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"மிஸ்? இருக்கீங்களா?"

"தலைவர், பெட்டி கத்தாது."

"என்னது?"

"ஊசிமலையிலயும் அது கத்தல. நான்தான் போன் பண்ணி ஓடச் சொன்னேன். உங்க பெட்டியும் கத்தாது. மலை வந்தாலும் கத்தாது. தலைவர், கூட்டிட்டுப் போயிருங்க, இப்பவே!"

தகரத்தில் விழும் மழைக்கு மேலாக இராமையா பேசினார். கோபமாகக்கூட இல்லை, விளங்காமல்தான் கேட்டார்.

"அத நம்பலாம்னு நீங்கதானேம்மா வந்து சொன்னீங்க?"

அவள் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போனை அணைக்காமலே வெளியே ஓடி, ஒவ்வொரு காம்பராவாகப் பேர் சொல்லிக் கத்தத் தொடங்கினார்.