மெஷினுக்குக் கட்டிய ஈரத்துணி

சாயந்தரமானால் பின்பக்கத்து கெமிக்கல் கம்பெனியிலிருந்து வாடை கிளம்பும். என் தம்பி ஜெனிஸுக்கு உடனே இழுப்பு வந்துவிடும். அவனுக்கு ஏழு வயது. அம்மா பழைய புடவைகளைக் கிழித்து நனைத்து சன்னல்களில் கட்டுவாள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன்.

தெருவே கையெழுத்துப் போட்ட மனுவுக்கு எட்டு மாதம் கழித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆள் வந்தார். கோதண்டம் சார். காற்றை அளக்கும் மெஷினை எங்கள் மொட்டை மாடியில் வைத்து, எங்கள் வீட்டுக் கரண்டிலேயே ஓடவிட்டார்.

"உள்ள ஒரு வெள்ளைத் தாள் இருக்கு. காத்துல இருக்கிறதெல்லாம் அதுல ஒட்டும். நாளைக்குக் காலைல வர்றேன். யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் மாடியேறியபோது மெஷினின் தலையில் ஈரத்துணி கட்டியிருந்தது.

"யாரும்மா இதைக் கட்டினது?"

"நான்தான் சார்" என்றாள் அம்மா. "கை வைக்கல, துணிதான் கட்னேன். சாயந்தரம் வாடை வந்துச்சு. கவர்மெண்டு மெஷினு, கெட்டுப்போச்சுன்னா இன்னா பதில் சொல்றது?"

பக்கத்து மாடியில் துணி உலர்த்திய தாயாரம்மாள் அக்கா சிரித்துவிட்டாள். "அடி அன்னபுஷ்பம், அதுக்கும் இழுப்பு வரும்னு நெனச்சிகினியா? ஒரு இன்ஹேலரையும் குடுத்திருக்கலாமே!"

சார் சிரிக்காமல் துணியை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, தாளை வெளியே எடுத்தார். துணி பழுப்பேறியிருந்தது. தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது.

"இதைக் கொண்டுபோனா காத்து சுத்தம்னு ரிப்போர்ட் வரும்."

"அப்ப துணிய எடுத்துனு போங்க சார்."

"அதை லேப்ல வாங்க மாட்டாங்கம்மா. மெஷின் இன்னிக்குப் பென்னலூர் போகணும். மறுபடி மனு போடுங்க."

இன்னும் எட்டு மாதம். அம்மா துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். வெளியாள் வந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

"சார், நாளைக்குக் காலைல வரைக்கும் வுடுங்க. நான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்."

அதற்குள் மேலே வந்த ஜெனிஸ் மெஷினைச் சுற்றிப் பார்த்தான். "சார், இதுவும் நெபுலைசரா?"

சார் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். போனை எடுத்து யாரிடமோ பேசினார். பிறகு புதுத் தாள் வைத்தார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வருவேன். துணி கிணி எதுவும் கூடாது."

அம்மா நைட் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, ஜெனிஸைத் தாம்பரத்தில் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனாள். மாடிப்படி இறங்கும்போது, "இன்னிக்கு ஒரு நாள் வாடை நல்லா வரட்டும்டி ஷாலின்" என்றாள். "என் வாயில இன்னா வருது பாரு" என்று உடனே சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆறு மணி வரை ஒன்றுமில்லை. காற்று மாறி அடித்தது. மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வராமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஏழாகும்போது தாயாரம்மாள் அக்கா கத்தினாள். "வருதுடி!"

ஊரிலிருந்து விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். தெருவில் சன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. என் கண் எரிந்தது, தொண்டை காந்தியது.

"மூஞ்ச மூடிக்கடி. மெஷின மட்டும் அப்படியே வுட்டுடு" என்றாள் அக்கா.

துப்பட்டாவை மூக்கில் இறுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். மெஷின் வாயைத் திறந்தபடி இழுத்துக்கொண்டே இருந்தது.