பிந்தி வந்த ஒளி

மச்சானுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மனைவியின் அண்ணன் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நாலு பேர் நடுவில் சிரித்துப் பேசத் தெரிந்த ஒரே தகுதியில் அந்த மனிதர் ஆய்வகத்தின் தற்காலிகத் தலைவராக உட்கார்ந்திருந்தார். கணக்கில் புலி என்று பேரெடுத்த இவன் அவருக்குக் கீழே குப்பை கொட்டிக்கொண்டிருந்தான்.

போதாக்குறைக்கு மச்சான் ஒரு கண்டுபிடிப்பு வேறு செய்துவிட்டாராம். கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பாயும் எலக்ட்ரான் கற்றையும் எதிரிலிருந்து வரும் லேசர் துடிப்பும் நேருக்கு நேர் மோத வேண்டும். மோதினால் லேசர் ஒளி சிதறி, பல மடங்கு ஆற்றலோடு காமாக் கதிராகத் திரும்பிப் பாயும். எலக்ட்ரான் ஓடும் குழாயின் கோடியில் இருக்கும் திரை அது பட்டு ஒளிரும். மச்சானின் திரையும் ஒளிரத்தான் செய்தது. ஆனால் சின்னப் பொட்டாக இருக்க வேண்டியது, விரலால் இழுத்துவிட்ட மை மாதிரி பக்கவாட்டில் ஈஷிக்கொண்டு கிடந்தது.

"இது மோதல்ல வந்த வெளிச்சமே இல்ல மச்சான். எலக்ட்ரான் எங்கேயோ குழாய்ச் சுவர்ல உரசுது. அந்தக் குப்பைதான் இது" என்று அவன் எடுத்துச் சொன்னான்.

"லேசர் பவரை இந்தத் தடவை நல்லா ஏத்தி வச்சோம்ல மாப்ள, அதான் பரந்திருக்கும்" என்றார் மச்சான், தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

இப்படியும் ஒரு விஞ்ஞானி. அன்று வீட்டுக்குப் போய் அதையே மனைவியிடம் நடித்துக் காட்டிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "எங்கண்ணனைப் பத்திப் பேசாட்டி உங்களுக்குச் சாப்பாடு இறங்காதா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மச்சானின் முடிவைச் சரிபார்க்க மதிப்பீட்டுக் குழு வந்து சேர்ந்தது. முடிவு சரியென்றால் மச்சானின் பதவி நிரந்தரம். தப்பென்றால் நாற்காலி இவனுக்கு. தரை துடைக்கிறவர் வரைக்கும் தெரிந்த விஷயம் இது.

லேசர் போகிற வழியில் ஒரு கண்ணாடி உண்டு. அதை இம்மியளவு பின்னால் நகர்த்தினால் ஒளிக்குப் பாதை நீளும். எலக்ட்ரான்கள் கடந்துபோன பிறகுதான் அது வந்து சேரும், மோதலே நடக்காது. அப்போதும் திரை ஒளிர்ந்தால் மச்சானின் மானம் கப்பலேறிவிடும். இப்படி ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இவனுக்குத் தோன்றியது. ஆனால் தனியாகச் செய்து பார்ப்பதில் என்ன சுகம் இருக்கிறது? ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்வதற்காகக் காத்திருந்தான்.

கட்டுப்பாட்டு அறையில் குழுவினர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கழுத்தை இறுக்கும் டையோடு வியர்க்க வியர்க்க விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் அந்தக் கறை வந்து போயிற்று.

"ஒரு நிமிஷம்" என்று இவன் குறுக்கே புகுந்தான். "இப்ப லேசரைப் பிந்த வைக்கப்போறேன். ஒளியும் எலக்ட்ரானும் சந்திக்கவே செய்யாது. திரையை மட்டும் பாருங்க."

"எதுக்கு மாப்ள இப்பப் போய்?" என்றார் மச்சான். அவர் முகம் வெளுத்ததை ஆசைதீரப் பார்த்துக்கொண்டே இவன் பொத்தானை அழுத்தினான்.

அடுத்த துடிப்பு வந்தது. திரையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் ஒன்றுமில்லை. பதறிப்போய்க் கண்ணாடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். கறை திரும்பி வந்தது, அதே அகலத்தில்.

மச்சான் சொன்னதுதான் சரி என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. மந்தமான ஒளியில் எலக்ட்ரான் அடக்கமாக அசையும். கடும் ஒளியில் தலைகால் தெரியாமல் ஆடும், சிதறுகிற கதிரும் அந்த ஆட்டத்தின் பக்கமே பரவும். மாணவனாக இருந்தபோது மனப்பாடம் செய்த மந்த ஒளிச் சூத்திரத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் இந்தப் புலி உறுமியிருக்கிறது.

குழுத் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தச் சோதனை இல்லாததாலதான் உங்க முடிவை ஒத்துக்க முடியாதுன்னு சொல்ல வந்தோம். இனிமே அந்தப் பேச்சுக்கே இடமில்ல. ஆனா ஏன் இவ்வளவு பரந்திருக்கு?"

மச்சான் இவன் தோளைக் கட்டிக்கொண்டார். "என் தங்கச்சி வீட்டுக்காரர். அவரே சொல்லட்டும், எனக்கு இதெல்லாம் கோர்வையா வராது."

சொன்னான். வேறென்ன செய்வான்? பலகையில் படம் போட்டுப் பிசிறில்லாமல் சொன்னான். குழுவினர் தலையாட்டினார்கள், மச்சானைப் பார்த்து.

அவர்கள் எழுந்து வெளியே போகும்போது மச்சான் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டார். "இதுதான் காரணமா மாப்ள? நான் சும்மா குத்துமதிப்பாத்தான் சொன்னேன்."

அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று அவன் தேடினான். இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

"ஆமா மச்சான்" என்றான் நிரந்தரத் தலைவரிடம்.