தங்கூசியில் கட்டிய கூலர்

இன்னாசித்தம்பியின் மகன் ஜெகதீஸ் பாரிஸிலிருந்து அனுப்பிய காசில் வாங்கிய கொம்பியூட்டர், அவன் செத்த கிழமையில் நாள் பார்த்துப் படுத்துக்கொண்டது. போட்டால் ஐந்து நிமிடம் ஓடும், பிறகு சடாரென்று நிற்கும். ஊர்காவற்றுறை உப்புக்காற்றுக்கு இரும்பே நிற்பதில்லை, இந்தச் சின்ன விசிறி எங்கே நிற்கப்போகிறது? புரோசெசருக்கு மேல் இருந்த விசிறி இறுகிவிட்டது, அதைப் பிடித்திருந்த கொழுக்கியும் உடைந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கும் ஜசிந்தா பார்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை பாரிஸில் காலை பத்து மணிக்கு, இங்கே பின்னேரம் இரண்டரைக்கு, கோயிலில் அடக்கப் பூசை. சவப்பெட்டி மூடுமுன், இன்ரநெற்றில் காட்ட, மருமகள் ஜெனீற்றா கமெராவை அவன் முகத்துக்குக் கிட்டப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்குப் போய் நெற் கபேயில் பார்க்கலாம்தான். ஆனால் செய்தி வந்த நாளிலிருந்து மனைவி மாக்கிறேற் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அவளை பஸ்ஸில் ஏற்றி, சோதனைச் சாவடியில் இறக்கி நடத்த யாரால் முடியும்? தான் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, பெற்றவள் ஒருதரம் பார்க்கவேண்டும். இன்னாசித்தம்பிக்கு வேறு ஒரு யோசனையும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிய யாழ்ப்பாணம் போனார். சண்டையில் கண்டிப் பாதை பூட்டிய நாளிலிருந்து சாமான் எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். கடையில் புரோசெசரின் சூட்டை ஆற்றுகிற, விசிறி பூட்டிய கூலர் இரண்டே இரண்டு கிடந்தன. ஒன்று செப்பு, தூக்கவே பாரம், விலையோ கிட்டப் போகமுடியாது. மற்றது அலுமினியம், விசிறி பெரியது, விலையும் கைக்குள் அடங்கியது.

"அண்ணை, உங்கட மதர்போட் பழசு. இரண்டின்ர காலும் அதிலை பொருந்தாது," என்றார் கடைக்காரர்.

"பொருந்திறது எப்ப வரும்?"

"கப்பல் வந்தால்தான். ஒரு மாசம் செல்லும்."

பூசைக்கு ஒரு நாள்தான் இருந்தது. அலுமினியத்தையும் சூடு கடத்துகிற வெள்ளைப் பசைக் குழாய் ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். முப்பது வருடம் வள்ளத்தில் என்ஜின் கழற்றிப் பூட்டியவருக்கு ஒரு விசிறி பூட்டத் தெரியாதா? அந்தத் திமிரில்தான் வந்தார், அதை ஒளிப்பானேன்.

வீட்டில் அவரும் ஜசிந்தாவும் மதர்போட்டை வெளியே எடுத்து, பழையதைக் கழற்றி, புரோசெசரைத் துடைத்தார்கள். ஜசிந்தா பயறளவு பசை வைத்தாள். கூலர் நன்றாக அமர்ந்தது. இறுக்கிப் பிடிக்கத்தான் ஒன்றுமில்லை. அவர் கட்டுக்கம்பியை எடுத்தார்.

"ஐயோ அண்ணை, கம்பி பட்டால் கரண்ட் சோட்டாகிப் போடும்."

"அப்ப தங்கூசி," என்றார். மீன்பிடிக்கிற அந்தத் தடித்த நைலோன் நூலை போட்டின் நாலு துளைகளாலும் விட்டெடுத்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"சூடு தாங்குமே?"

"சுறா இழுத்தும் அறாத சாமான், ரீச்சர்."

அரைமணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நிற்கவில்லை. அந்தக் கிழமையில் முதல்முறையாக அவர் சோறு சாப்பிட்டார்.

சனிக்கிழமை படம் விட்டுவிட்டு வந்தது. கோயில், மெழுகுதிரி, கறுப்புக் கோட் போட்ட ஆட்கள். மாக்கிறேற்றைத் தாங்கிக் கொண்டுவந்து கதிரையில் இருத்தியிருந்தார்கள். வீடியோ ஓட ஓடக் கொம்பியூட்டர் கொதிக்கும் என்றோ, தண்ணீருக்குள் விட்டுக்கொடுக்காத தங்கூசி சூட்டில் இளகும் என்றோ அவர் கண்டாரா? ஜெனீற்றா பெட்டியை நோக்கி நடந்தாள். வெள்ளைத் துணி தெரிந்தது. திரை இருண்டது.

அவர் மேசைக்குக் கீழே பாய்ந்தார். நூல் தொய்ந்து கூலர் சரிந்து கிடந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துப் புரோசெசரோடு அழுத்தினார். விரல்கள் பொசுங்கின.

"போடுங்கோ ரீச்சர்!"

விசிறி சுழன்றது. என்ஜின் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்.

"தெரியுதே?"

கொம்பியூட்டர் எழும்பும் அளவுக்குப் பொறுத்துத்தான் கேட்டார்.

"ஓம்," என்றாள் மாக்கிறேற். "தெரியுது. பிள்ளை நித்திரை மாதிரிக் கிடக்கிறான்."

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தானும் ஒருதரம் பார்த்தால் என்ன என்று ஆசை வந்தது. கையை எடுக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஜசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாக்கிறேற் அந்தக் கறுப்பையே பார்த்தபடி, வழிகிற கண்ணீரைத் துடைக்காமல், "சேட்டு வடிவாய்ப் போட்டுவிட்டிருக்கிறாள், தலையும் வாரி இழுத்திருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தான் போட்ட முடிச்சை நினைத்து இந்த மனிசன் சாகும்வரை வேகக்கூடாது என்று, அவருக்காகத்தான் சொல்கிறாள்.

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கையை எடுக்கவில்லை.

"பெட்டியை மூடிட்டினமே?" என்று கேட்டார்.

"இல்லை," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கொண்டிருங்கோ."