பலாப்பழம் வெட்டிய கிரகணம்

ரூபேந்திரனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மாசாயில் உள்ள தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு தெப்ராவில் மனைவி வேலை செய்யும் ஆய்வகத்துக்கு வந்தவன், தலைக்கவசத்தைக் கையில் சுழற்றியபடி சன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தான். பொழுது சாய்ந்ததும் சந்திர கிரகணம். அவன் மனைவி யோகேஸ்வரி நான்கு மாதக் கர்ப்பிணி. அவளோ நுண்ணோக்கியின் முன்னால் மெல்லிய கத்தரிக்கோலுடன் அமர்ந்திருந்தாள்.

“கெஞ்சிக் கேக்குறேன், கத்தரியக் கீழ வை. வா, வீட்டுக்குப் போலாம்.”

“இன்னும் ஒரு கரு இருக்குங்க. நாளைக்கு வந்தா இந்தச் சுண்டெலிக் கருவுக்கு உதடு மூடிரும். அப்புறம் பார்க்க என்ன இருக்கு லா?”

“தினம் என் மூஞ்சியப் பார்த்துமா உனக்குப் பயம் வரல?”

அவன் மேலுதட்டில் மீசைக்குள் அடங்காத தையல் தழும்பு. பிளந்த உதட்டுடன் பிறந்தவன். காஹாங் ஊரில் இருக்கும் அவன் தாய் புஷ்பவள்ளி, அவனைச் சுமந்தபோது கிரகண வேளையில் பலாப்பழம் வெட்டியதே காரணம் என்று இன்றளவும் நம்புகிறார். கிரகணம் என்றால் வீட்டுக் கத்திகளையெல்லாம் அரிசிக்குள் புதைத்துவிட்டு, கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

“அலமாக்! என்ன இது, நடந்து நடந்து தரையே தேயுது. இங்க வந்து பாருங்க.”

நுண்ணோக்கித் திரையில், சற்றுமுன் அவள் பிரித்தெடுத்த முதல் கருவின் கடுகளவு முகம். சமிக்ஞை பெற்ற செல் ஒளிரும்படி வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் அவை. மூக்கோரத்தில் ஒரு பச்சை மினுக்கம். சற்றுப் பொறுத்து எதிரே கன்னத்துப் பக்கம் இன்னொன்று.

“ரெண்டு கரையில ரெண்டு எறும்புக் கூட்டம்னு வச்சுக்குங்க. ‘நான் வரேன், நீயும் வா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே பாலம் கட்டுது. கூப்பிடுறது நடுவுல குறைஞ்சு போச்சுன்னா பாலம் சேராது. அதான் பிளவு.”

“நம்ம பிள்ளைக்கு?”

“மனுசப் பிள்ளைக்கு ரெண்டாம் மாசத்துக்குள்ளயே மேலுதடு சேர்ந்துரும். இன்னிக்கு நான் எதை வெட்டினாலும் அது மாறாது.”

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவனோ தலைக்கவசத்தைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

“அப்ப நல்லதோ கெட்டதோ, ஏற்கெனவே நடந்துருச்சா?”

“அடுத்த ஸ்கேன்ல தெரியும்.” சொல்லும்போதே அவள் விரல் அவளை அறியாமல் தன் மேலுதட்டைத் தடவியது.

மீண்டும் சன்னல் நோக்கி நடந்தவன் பாதியில் நின்றான். கைப்பேசியை எடுத்துத் தாயை அழைத்தான்.

“அம்மா, பலாப்பழம் வெட்டினப்ப கை நிறைய வளையல்னு சொல்வீங்களே, அது எந்த வளையல்?”

“வளைகாப்பு வளையல்தான்பா. ரெண்டு உடைஞ்சு பழத்துல விழுந்துச்சே. இப்ப எதுக்கு அது? கிரகணம் பிடிக்கப் போவுது, யோகேஸ் கத்தி ஏதும் தொடலையே?”

வளைகாப்பு நடந்தது ஏழாம் மாதத்தில். அதற்கு வெகுமுன்பே அவன் உதடு சேரத் தவறியிருந்தது. அந்தப் பழத்தை நினைத்து நினைத்து அழுத வீட்டில், மாதத்தைக் கணக்கிட ஒருவருக்கும் தோன்றியதில்லை.

“அம்மா, நீங்க கத்தியத் தொடுறதுக்கு முன்னாடியே என் உதடு இப்படித்தான் இருந்துச்சு. நீங்க காரணமில்ல.”

 “அப்ப எதுப்பா காரணம்?” என்றது மறுமுனையில் தளர்ந்த குரல்.

அவன் மனைவியைப் பார்த்தான்.  வெளியே நிலவின் விளிம்பு கறுக்கத் தொடங்கியிருந்தது.

“அதைத்தாம்மா யோகேஸ் தேடிக்கிட்டிருக்கா.”

தலைக்கவசத்தைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டாம் கரு மிதந்த கிண்ணத்தை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.