ஹோர்ஸ்ட் என்ற பெயர் இருந்த கதவு

வெயிலில் நிற்கும் பெயின்ட் ஏன் செத்துப்போகிறது என்பதைத்தான் அம்பிகா நான்கு வருடமாக ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஹெல்காவுக்கு அது தெரியும். 1971 மே மாதம் ஒரு சனிக்கிழமை, முற்றத்தில் நின்ற பழைய அமெரிக்க பிக்கப் வண்டியைக் காட்டி, "இந்தக் கோடெல்லாம் வெளுத்துப்போச்சு. உங்களால ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டாள்.

அம்பிகா விரலால் தொட்டுப் பார்த்தாள். நுனியில் மாவு மாதிரி ஒட்டியது.

"பிடிச்சு வச்சிருந்த பசை போயிடுச்சு. நிறம் மட்டும் பொடியா நிக்குது. தேய்ச்செடுத்துட்டுப் புதுசா அடிச்சுடலாம்."

வண்டி கரும்பச்சை. பக்கத் தகடுகளின் விளிம்பிலும் பின்கதவின் புடைத்த எழுத்துகளிலும் வெண்ணெய் நிறம் தீட்டியிருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவில் அதே நிறத்தில் ஒரு பெயர்: ஹோர்ஸ்ட். ஹெல்காவின் புருஷனாக இருந்தவன். ஊருக்குத் திரும்பிய ஒரு அமெரிக்கச் சிப்பாயிடம் வண்டியை வாங்கியது அவன். அதில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போய்க் குடும்பத்தை நடத்தியது அவள். மதுக்கடைச் சண்டையில் ஒருவன் கண்ணைப் போக்கிவிட்டு அவன் சிறைக்குப் போனபோது ஹெல்கா விவாகரத்து வாங்கினாள். வண்டியும் அவளுக்கே என்று கோர்ட்டில் தீர்ப்பானது. அவளுக்கு இடது காது கேட்காது. யாரால் என்று அம்பிகா கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"கோட்டைப் புதுப்பிங்க. பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றாள் ஹெல்கா.

கோடுகள் சொன்னபடி கேட்டன. ஈர உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நீள மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்தாள். பெயர்தான் போக மறுத்தது. எழுத்தைச் சுரண்டி எடுத்தால் அதன் அடியில் வெயில் படாத பச்சை, சுற்றியிருந்த பச்சையைவிட அடர்த்தியாக, ஹோர்ஸ்ட் என்றே வாசித்தது. கடைசியில் கதவு முழுவதையும் தேய்த்துப் பச்சை அடித்தாள். மூன்றாவது சனிக்கிழமை நண்பகலில் அந்தக் கதவின் மேல் புதுக்கோடு இழுத்து முடித்தபோது வாசல் கேட் திறந்தது.

வந்தவனை அவள் பார்த்ததில்லை. ஆனால் ஹெல்காவின் கையிலிருந்த தண்ணீர் வாளி விழுந்த விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

ஹோர்ஸ்ட் நேராகக் கதவின் முன்னால் வந்து நின்றான். வெறும் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளங்கையை விரித்து, காயாத கோட்டின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தான்.

"என் பேர் எங்கே?"

"இது என் வண்டி. வெளியே போ, ஹோர்ஸ்ட்" என்றாள் ஹெல்கா.

அவன் பெயின்ட் கையாலேயே அவள் தலைமுடியைப் பிடித்தான். அம்பிகா "விடு!" என்று கத்தி முடிப்பதற்குள் ஹெல்காவின் முகம் கதவு விளிம்பில் மோதிவிட்டது. ஒருமுறை. இன்னொரு முறை. எலும்பு இரும்பில் படும் சத்தம் அது. தேங்காய் உடைவதைப் போல இருக்கும் என்று அவள் நினைத்திருந்தால் தப்பு. மொத்தென்ற, ஈரமான சத்தம். உதடு கிழிந்து, ஒரு பல் சிமென்ட் தரையில் தெறித்தது. ஹெல்கா சக்கரத்தோரம் சரிந்தாள். அவன் காலை ஓங்கினான்.

ஜாக்கியின் இரும்புக் கம்பி அம்பிகாவின் கைக்கு எப்படி வந்ததென்று அவளுக்கு நினைவில்லை. அடித்தது நினைவிருந்தது. முதல் அடி அவன் தோளெலும்பில் விழுந்தது. அவன் முனகிக்கொண்டே திரும்பி, முழங்காலில் சரிந்து, இடது கையைத் தூக்கினான்.

"போதும்… போதும்!"

அதோடு முடிந்திருக்க வேண்டும். அம்பிகா மறுபடி அடித்தாள். பெயின்ட் அப்பியிருந்த வலது கையில், தரையோடு சேர்த்து. பிறகு முட்டியில். அவன் ஊர்ந்தபோது முதுகில். தலையைத் திருப்பியபோது தாடையில். அவளுக்குக் கோபம்கூட இல்லை. வேகமாக நடந்து வேர்த்தபின் காற்றுப் படுகிற மாதிரி ஒரு சுகம் இருந்தது. அதுதான் பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. ஆறாவதாகக் கம்பி ஓங்கியபோது ரத்தம் வழுக்கும் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"போதும் அம்பிகா. விட்டுடுங்க."

போலீஸ் வருவதற்குள், கிழிந்த உதட்டோடு ஹெல்கா சொல்லிக்கொடுத்தாள்: "ஒரே அடி. மிச்சமெல்லாம் விழுந்ததுல பட்டது. புரியுதா?"

போலீஸ்காரர்கள் அதை நம்பினார்கள். நம்புவதற்குச் சிரமமே இல்லை. ஒரு பக்கம் சிறையிலிருந்து வந்த மாமிச மலை. மறுபக்கம் ஐந்தடி உயரத்தில், புடவை கட்டிய, டாக்டர் பட்டம் வாங்கிய பெண். ஒருவர் சிரித்துக்கொண்டே அவள் முதுகில் தட்டிவிட்டுக்கூடப் போனார்.

ஹோர்ஸ்டின் காயங்களைப் பார்த்த அரசு வக்கீல் அவன் மேலும் அம்பிகா மேலும் வழக்குப் போட்டார். நவம்பரில் கோர்ட்டுக்கு அவன் வந்தான். தாடை கோணியிருந்தது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. தொப்பியைக் கழற்ற இடது கையால் தடவினான். நீதிபதி கேட்டார்: "எத்தனை முறை அடித்தீர்கள்?"

ஹெல்கா எதிர் பெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐந்து முறை" என்றாள் அம்பிகா. "முதலாவது தேவைப்பட்டது. மற்ற நாலும் நானாக அடித்தவை."

முதல் அடி தற்காப்பு, மற்றவை குற்றம் என்று தீர்ப்பானது. எட்டு மாதச் சிறை. ஒழுங்காக இருந்தால் உள்ளே போக வேண்டியதில்லை. ஹோர்ஸ்டுக்கு மறுபடி இரண்டு வருடம். பல்கலைக்கழகம் அவள் வேலையை நீட்டிக்கவில்லை. பேராசிரியர் வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் சொல்லும்போது மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றார். திருச்சியிலிருந்து அண்ணன் சேதுராமன் எழுதிய கடிதத்தில் ஒரே வரி: உடனே புறப்பட்டு வா.

தீர்ப்பன்று அம்பிகாவும் ஹெல்காவும் டிராம் நிறுத்தத்தில் நின்றார்கள். தூறிக்கொண்டிருந்தது.

"ஏன் உண்மையைச் சொன்னீங்க?" என்று கேட்டாள் ஹெல்கா. "நான் ஒண்ணுன்னு சொல்லியிருந்தேனே."

"அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாப் போதும்னு சொன்னான். எனக்குக் கேட்டுது. கேட்டுக்கிட்டேதான் அடிச்சேன்." அம்பிகா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க மட்டும் மயங்கிக் கிடக்காம இருந்திருந்தா, அப்பவே தடுத்திருப்பீங்க."

ஹெல்கா கேட்கும் காதை அம்பிகா பக்கம் திருப்பிக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"நான் மயங்கலை. முதல் அடியிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டாவதுலயே உங்க கையைப் பிடிச்சிருக்கலாம்." உதட்டுத் தழும்பை நாக்கால் தடவினாள். "பிடிக்கலை."

டிராம் வந்தது. இருவரும் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வீடு வந்துசேரும் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.